10x50 பைனாகுலர்: எட்டு வருடம் கழித்து

போன வாரம் பைனாகுலர் ரிப்பேரிலிருந்து திரும்பி வந்தது. கேமரா மெக்கானிக் ப்ரிஸத்தில் பூத்திருந்த பூஞ்சையைத் துடைத்து, இரண்டு குழலையும் நேர்ப்படுத்தி 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். நான் எட்டு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கும் அந்த ஆட்டத்தை மட்டும் சரிசெய்ய முடியாதாம். "பிறவிக் குணம் சார்."

இதே மாடலை வாங்கலாமா என்று அலுவலக நண்பர் கேட்கிறார். விழப்போகும் செயற்கைக்கோள்களைப் பார்க்க ஆசையாம். அவருக்காகத்தான் இது.

கண் வைக்கும் இரண்டு குழலையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குப் பட்டை இருக்கிறதே, அது ஆடுகிறது. முகம் கொஞ்சம் அழுத்தினாலும் ஒரு பக்கம் உள்ளே போய் ஃபோகஸ் கலைந்துவிடும். குருவிக்கும் நிலாவுக்கும் பரவாயில்லை, திருகிக்கொள்ளலாம். ஆனால் 200 கிலோமீட்டர் உயரத்தில் நேர் தலைக்கு மேல் போகும் ஒன்று, பைனாகுலரை அசைக்காமல் வைத்திருந்தால் மூன்றே விநாடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். திருக ஏது நேரம்?

2018இல் சீனாவின் விண்வெளி நிலையம் டியாங்காங்-1, 8.5 டன், கட்டுப்பாடு இழந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதற்காகவே வாங்கியது இது. ஒரு நாள் மாலை மொட்டை மாடியில் பின்தொடர்ந்து பார்த்தேன்: மங்குகிறது, பளிச்சிடுகிறது, மறுபடி மங்குகிறது. உருள்கிறது என்று குதூகலமாக "4 விநாடி" எனக் குறித்துக்கொண்டேன். வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, அது மினுக்கவே இல்லையே" என்றாள். அது உருண்டது நிஜம்தான், ஆனால் ஒரு சுற்றுக்கு நிமிடக் கணக்கு. நான் அளந்த நான்கு விநாடி என் மூச்சு. மூச்சு இழுக்கும்போதெல்லாம் முகம் பட்டையை அழுத்தியிருக்கிறது! ஏப்ரல் 2ஆம் தேதி அது தென் பசிபிக்கில் விழுந்தது. நோட்டில் அந்த 4 இன்னும் இருக்கிறது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். லென்ஸ் அருமை. ஒருமுறை படிக்கட்டில் உருண்டும் கீறல் இல்லை. அகலமான பார்வை என்பதால், செயற்கைக்கோள் வரும் நேரத்தைக் கணித்துச் சொல்லும் செயலி சொன்னதற்கு முன்பே வரும் பொருளையும் பிடித்துவிடலாம். சாகப்போகும் செயற்கைக்கோள் தாமதமாக வராது, சீக்கிரம்தான் வரும். காற்று இழுக்க இழுக்க உயரம் குறைகிறது, சுற்று சிறிதாகிறது, வேகமோ கூடுகிறது. இரண்டு நாள் பழைய சுற்றுப்பாதைத் தரவை நம்பி டீ குடித்துக்கொண்டிருந்தால் போச்சு. மறைந்த சூரியன் ஒரு மணி நேரத்துக்குமேல் கீழே இறங்கிவிட்டாலும் போச்சு, அந்த 200 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது பூமியின் நிழலுக்குள் போய்விடும்.

நம்ம இஸ்ரோவின் ரிசாட்-2 செயற்கைக்கோளைத் தவறவிட்டதற்குப் பைனாகுலரைக் குறை சொல்ல மாட்டேன். நான்கு வருடத்துக்கென்று அனுப்பியது, பதிமூன்றரை வருடம் உழைத்து 2022 அக்டோபர் 30 அன்று ஜகார்த்தா பக்கம் கடலுக்கு மேலே எரிந்து இறங்கியது. இங்கே மழை மேகம். உறையிலேயே கிடந்ததில்தான் பூஞ்சையும் பிடித்தது.

இப்போது கட்டைவிரல் இரண்டையும் கன்ன எலும்பில் ஊன்றிக்கொள்கிறேன், கண் குழலின் ரப்பர் முகத்தில் படாது. பழக ஆறு மாதம் ஆயிற்று. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். வாங்காதீர்கள். அப்படியென்றால் உங்களுடையதை ஒரு வாரம் இரவல் தாருங்கள் என்கிறார் நண்பர். அதுவும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.