டிக் அடிக்க மறந்தால்: யூஎஃப்டியா, செலினியமா?

கடலூரிலிருந்து வரும் பஸ் அரியாங்குப்பம் பாலத்தை நெருங்கும்போது போன் வந்தது. "அண்ணே, நேத்து ஓடின டெஸ்ட் ஸ்கிரிப்ட் இன்னைக்கு ஒரு பட்டனைக்கூடக் கண்டுபிடிக்க மாட்டேங்குது." புதுச்சேரி அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு மாதமான தம்பி. "யூஎஃப்டியைத் திறக்கும்போது ஜாவாவுக்கு டிக் அடிச்சியா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

யூஎஃப்டி, பழைய ஆட்களுக்கு க்யூடிபி: ஒரு மென்பொருளைத் தானாகவே இயக்கிச் சோதிக்கும் கருவி. மெர்க்குரி நிறுவனம் செய்தது, 2006-ல் எச்பி கைக்குப் போய், மைக்ரோ ஃபோகஸ் வழியாக 2023-ல் ஓபன்டெக்ஸ்ட்டிடம் வந்தது. முதலாளிகள் மாறினாலும், திறந்தவுடன் வந்து நிற்கும் ஆட்-இன் மேனேஜர் பெட்டி மட்டும் கூடவே வந்துவிட்டது. ஒவ்வொரு வகை மென்பொருளையும் புரிந்துகொள்ளக் கருவிக்கு ஒரு துணைப்பகுதி, அதுதான் ஆட்-இன்: வெப், ஜாவா, டாட்நெட், எஸ்ஏபி என்று பட்டியல் நீளும். சோதிக்கப் போகும் மென்பொருள் எதில் செய்யப்பட்டதோ அதற்கு டிக் அடிக்க வேண்டும்.

விட்டுப்போனால் கருவி நின்றுவிடாது, அதுதான் தொல்லை. எங்கள் பில்லிங் மென்பொருள் ஜாவாவில் செய்தது. அதில் பெயர் எழுதும் கட்டத்தை 'ஜாவாஎடிட்' என்று பார்க்க வேண்டிய கருவி, 'வின்ஆப்ஜெக்ட்' என்று பொத்தாம்பொதுவாகப் பார்க்கும். அந்த நிலையில் ரெக்கார்ட் செய்தால், ஜன்னலில் எந்தப் புள்ளியில் க்ளிக் செய்தோம் என்பதுதான் பதிவாகும். ஜன்னலின் அளவு மாறினால் போச்சு.

எல்லாவற்றுக்கும் டிக் அடித்துவிட்டால்? நானும் செய்து பார்த்தவன்தான். கருவி மெதுவாகும், பொருள்களை அடையாளம் காண்பதிலும் குழப்பம் வரலாம். தேவையானதை மட்டும் ஏற்றச் சொல்லித்தான் கருவியின் கையேடும் சொல்கிறது. டெஸ்ட்டின் செட்டிங்ஸில் இன்னின்ன ஆட்-இன் வேண்டும் என்று குறித்து வைக்க வழி உண்டு. ஆனால் அது எச்சரிக்குமே தவிர, தானாக ஏற்றாது. கருவியை மூடி மறுபடி திறக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பில்லிங் மென்பொருளையும் திறக்க வேண்டும். வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து.

பிரவுசரை இயக்கிச் சோதிக்கும் இன்னொரு கருவியான செலினியத்தில் இந்தப் பெட்டியே கிடையாது. ஜாவாவும், வேண்டிய துணைக் கோப்புகளை இறக்கித் தரும் மேவனும் வைத்து எழுதுகிறவர்களுக்கு எது தேவை, எந்த வெர்ஷன் என்பதெல்லாம் பாம் (pom.xml) கோப்பில் இருக்கும். அது ஸ்கிரிப்ட்டோடு, குழுவின் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் கிட்டில் (Git) போய்ச் சேரும். புதிதாக வருகிறவர் இழுத்து ஓட்டினால் என்னிடம் இருப்பதே அவரிடமும் இருக்கும். முன்பு ஒரு தலைவலி இருந்தது: குரோம் தானாக அப்டேட் ஆகிவிடும், அதை இயக்கும் குரோம்டிரைவர் பழசாகவே நிற்கும். 2022-ல் வந்த 4.6 வெர்ஷனிலிருந்து செலினியம் மேனேஜர் பொருத்தமான டிரைவரைத் தானே தேடி எடுத்துக்கொள்கிறது.

அதனால் பிரவுசரில் ஓடும் வேலைக்கு நான் யோசிக்காமல் செலினியம் பக்கம். அதற்குக் காசும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் பிரவுசருக்கு வெளியே அது எட்டிப் பார்க்காது. ஜாவா டெஸ்க்டாப், எஸ்ஏபி ஜன்னல் என்றால் எனக்கு யூஎஃப்டிதான்.

அப்புறம், யூஎஃப்டியிலேயே பலருக்குத் தெரியாத ஒரு கதவு இருக்கிறது. கருவியை வெளியிலிருந்து விபிஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியால் இயக்கலாம். 'கெட்அசோசியேட்டட்ஆட்இன்ஸ்ஃபார்டெஸ்ட்' என்று கேட்டால் அந்த டெஸ்ட்டுக்குக் குறித்து வைத்த ஆட்-இன் பட்டியல் கிடைக்கும். அதை 'செட்ஆக்டிவ்ஆட்இன்ஸ்' கையில் கொடுத்துவிட்டு, பிறகு 'லாஞ்ச்' என்றால் கருவி திறக்கும். கருவி ஏற்கெனவே திறந்திருந்தால் முதலில் மூடிவிட வேண்டும். பத்துப் பதினைந்து வரிதான். செலினியத்தின் பாம் கோப்பு செய்கிற வேலையில் பாதியை இது செய்துவிடும்.

அன்று அலுவலகம் போனதும் தம்பியின் டெஸ்க்டாப்பிலிருந்த யூஎஃப்டி ஐகானை எடுத்துவிட்டு, அந்த விபிஸ்கிரிப்ட் கோப்பை வைத்தேன். பெயர்: 'இதை மட்டும் அழுத்து'.