62,000 ரூபாய்க்கு ‘குளிர் செக்கப்’: நுவரெலியா போகிற திருகோணமலை ஆட்கள் கவனம்

நேற்று இரவுதான் நுவரெலியாவிலிருந்து வீடு வந்து சேர்ந்தோம். பயணத்துக்கு முன் காரைக் காட்டிப் பற்றரி மாற்றின கடைக்கு இன்று காலை போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 62,000 ரூபாய். எண்ணிக் கையில் கொடுத்த காசு.

பள்ளிக்கூட லீவு விட்டதிலிருந்து பிள்ளைகள் நுவரெலியா நுவரெலியா என்று ஒரே கரைச்சல். எங்களிடம் இருப்பது ஒரு பழைய ஆல்டோ கார். நிலாவெளிக்கும் கன்னியாவுக்கும் ஓடிப் பழகின வண்டி, குளிர் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. இங்கே மார்கழி அடைமழையிலும் இரவில் 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அங்கே 1,868 மீற்றர் உயரம், தை மாசியில் சில விடியற்காலைகளில் புல்லில் பனி உறைந்து கிடக்கும். வண்டியை ஒருமுறை காட்டிவிட்டுப் போவம் என்று நினைத்தேன்.

நகருக்குள்ளே, கராஜும் பற்றரி விற்பனையும் ஒன்றாய் இருக்கிற ஒரு கடை. பெயர் போடமாட்டேன், காரணம் கடைசியில்.

அந்தக் கராஜ்காரர், பாஸ் என்றுதான் கூப்பிடுவோம், என்னை எப்படி மடக்கினார் என்பதைத்தான் சொல்ல வேண்டும். பொனெற்றைத் திறந்தார். பற்றரி மூடிகளைக் கழற்றி, கண்ணாடிக் குழாயால் அசிற்றை உறிஞ்சி, என் மகனைக் கூப்பிட்டு, “தம்பி, இந்த மிதவையைப் பாருங்கோ, சிவப்புக்கு இறங்கிட்டுது” என்று காட்டினார். பிறகு எனக்கு ஒரு பாடமே நடத்தினார். குளிருக்குப் பற்றரியின் வலு குறையும், அதே நேரம் ஒயில் தடிக்கிறதால எஞ்சினைச் சுத்த இன்னும் கூட வலு வேணும், இரண்டும் ஒன்றாய் வந்துதான் காலையில வண்டி படுக்கிறது என்றார். ஒயில் கானில் 5W-30 என்று இருக்கிற ‘டபிள்யூ’ விண்டரைக் குறிக்கிறது என்றும் அவர்தான் சொன்னார். இஞ்சி போட்ட பிளேன்ரீ வேறு வந்தது. நான் காசை யோசிக்கிறதைக் கண்டுவிட்டு, “பிள்ளையளோட போறீங்க அண்ணன், நடுவழியில நிக்க வைக்கிற வேலையை நான் செய்யமாட்டன்” என்றார். அந்த ஒரு வசனத்தில் விழுந்தேன்.

இவ்வளவு விபரம் தெரிந்த ஆள் ஏமாற்றுவார் என்று யார் நினைப்பார்? எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. போட்ட சாமான்தான் பொய்.

பற்றரி 31,000. ஒயிலும் பில்ரரும் 16,500. றேடியேற்றருக்கு ஊற்றுகிற கூலன்ட் 6,500. வைப்பர் சோடி 4,500. கூலி 3,500. எல்லாம் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கூட்டி 62,000. பில் கேட்டேன். “பில் போட்டா விலை கூடும் அண்ணன், நமக்குள்ள என்ன பில்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்! பழைய பற்றரியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், அதற்கு ஒரு சதம் கழிக்கவில்லை. உள்ளே இருக்கிற ஈயத்துக்கே விலை இருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது.

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. புசல்லாவையில் மழை பிடித்தது, 4,500 ரூபாய் வைப்பர் கண்ணாடியில் கோடு கோடாய்க் கீறியது. ரம்பொடை ஏற்றத்தில் சூட்டு முள் ஏறத் தொடங்கிவிட்டது. ஓரம் கட்டினேன். சூட்டோடு றேடியேற்றர் மூடியைத் திறக்கக்கூடாது என்ற புத்தியாவது இருந்தது, ஒரு தேத்தண்ணிக் கடையில் முக்கால் மணித்தியாலம் குந்திக்கொண்டிருந்தோம். ஆறினபிறகு திறந்தால் தண்ணி பாதிக்குக் கீழே. போத்தல் தண்ணியை ஊற்றி, உருட்டி உருட்டி ஒருமாதிரி ஏறிச் சேர்ந்தோம்.

அடுத்தநாள் காலை 6 மணி. தங்கின வீட்டு அம்மா 7 பாகை என்று சொன்னா. சாவியைத் திருகினேன். டிக், டிக், டிக். பிறகு அதுவும் இல்லை. கடைசி மகள் காருக்குள் இருந்து அழுகிறாள், மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத ஏலாது.

அந்த அம்மாதான் ஒரு மெக்கானிக் பொடியனைக் கூப்பிட்டுத் தந்தா. பற்றரியில் மிற்றரை வைத்தான், 11.8 வோல்ட் காட்டியது. சாவியைத் திருகச் சொன்னான், 7க்கு விழுந்தது. “ராவுல லைட்டு எதுவும் போட்டு வுட்டீங்களாண்ணே? புது பேட்டரின்னா பன்னெண்டரைக்கு மேல நிக்கணும், சுத்துறப்ப ஒம்பதரைக்குக் கீழ எறங்கப்படாது.” நகத்தால் ஸ்டிக்கரின் மூலையைக் கிளப்பினான். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், வேறு கம்பனி! பெட்டியில் திகதி அடித்திருக்கிற இடம் உரஞ்சிய தழும்பாய் இருந்தது. பாவித்து ஒதுக்கின பற்றரிக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள்.

கூலன்டையும் பார்த்தான். “இது பச்சைக் கலர் தண்ணிண்ணே.” உறைந்துவிடுமோ என்று கேட்டதற்குச் சிரித்தான். இந்தக் குளிருக்கு றேடியேற்றர் உறையாதாம், வெறும் தண்ணி ஏற்றத்தில் சீக்கிரம் கொதிக்கும், உள்ளே கறளும் பிடிக்கும், அதுதான் கேடு என்றான். அவன் கேட்டது 2,000 ரூபாய் மட்டும். நல்லா இருக்கட்டும். வேறு பற்றரிக்கு 33,000 போனது. 62,000க்கு மேலே இது வேறு.

அங்கிருந்தே பாசுக்கு எடுத்தேன். முதல் பதில்: “குளிருக்கு அப்பிடித்தான் அண்ணன், கொஞ்சம் வெயில் ஏறட்டும்.” குளிருக்கென்று சொல்லி 31,000 வாங்கின வாய்! இரண்டாம் தரம்: “லைட்டைப் போட்டு விட்டிருப்பீங்க.” மூன்றாம் தரம் ஒரு சின்னப் பொடியன் எடுத்து “பாஸ் மூதூருக்குப் போயிட்டார்” என்கிறான், பின்னால் பாசின் குரல் ஸ்பனர் கேட்கிறது. அதற்குப் பிறகு மணி அடித்ததோடு சரி. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன், நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை.

இன்று காலை அந்தப் பற்றரியைத் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எங்கட சாமான் இல்லையே. பில் இருக்கா?” என்றார். பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள், நான்தான் அவமானப்பட்டேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு எடுத்து முறைப்பாடு சொல்லியிருக்கிறேன். அங்கேயும் பில்தான் முதல் கேள்வி. 62,000 ரூபாய்க்கு என்னிடம் இருப்பது ஒரு கலண்டர் தாள், அதிலும் கடைப் பெயர் இல்லை.

பயணத்துக்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விபரமாய் எழுதத்தான் தொடங்கினேன். இப்போது பொறுமை இல்லை. பற்றரி வாங்கினால் ஸ்டிக்கரை நம்பாதீர்கள், பெட்டியில் அடித்திருக்கிற திகதியைப் பாருங்கள், முன்னாலேயே மிற்றர் வைக்கச் சொல்லுங்கள், இலக்கம் எழுதி முத்திரை குத்தின வாரண்டி கார்ட் இல்லாமல் காசை நீட்டாதீர்கள். கூலன்ட் கான் உங்கள் கண் முன்னால் சீல் உடைபட வேண்டும். ரயர் என்றால் பக்கத்தில் இருக்கிற நாலு இலக்கம், 2319 என்றால் 2019இன் 23ஆவது கிழமை செய்தது. பில் கேட்டால் கடைக்காரர் தரத்தான் வேண்டும், சட்டம் இருக்கிறது, என்னைப் போல் சிரித்துவிட்டு வராதீர்கள்.

கடைப் பெயர் கேட்டு இன்பொக்ஸுக்கு வரவேண்டாம். அவருடைய மகளும் என் மூத்தவளும் ஒரே வகுப்பு, பிள்ளைகளுக்குள் இதைக் கொண்டுபோகக்கூடாது என்று மனைவி கட்டாயமாய்ச் சொல்லிவிட்டா. பற்றரி எங்கள் வாசல் திண்ணையில்தான் கிடக்கிறது, ஸ்டிக்கர் பாதி உரிந்தபடி. தெரிந்த ஆட்கள் வந்து பார்க்கலாம்.