திருவல்லிக்கேணி அச்சகத்தில் விசிட்டிங் கார்டு: அச்சு அருமை, எழுத்துக் கோப்பு சுமார்

எங்கள் அலுவலகத்திற்கு விசிட்டிங் கார்டு அடிப்பதற்காகத் திருவல்லிக்கேணியில் உள்ள ஓர் அச்சகத்தை அண்மையில் நாடினோம். தாளையும் அச்சையும் பற்றிச் சொல்ல அதிகமில்லை: 300 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு) ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன், பிசிறில்லாத வெட்டு, கொடுத்த பணத்திற்குக் குறைவில்லை. குறையெல்லாம் தொடர்பு விவரங்களைக் கோத்த விதத்தில்தான்.

முதல் புரூஃபில் (அச்சிடும் முன் சரிபார்க்கத் தரும் மாதிரியில்) பெயர் தொடங்கி இணையதளம் வரை எல்லாமே ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தன. நிறுவனத்தின் பெயருக்கு அது எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மின்னஞ்சலை அப்படி அமைத்தால் 'ஓ' எது, பூஜ்யம் எது என்று தெரிவதில்லை. மின்னஞ்சலாவது பெரிய எழுத்தில் தட்டினாலும் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும். இணைய முகவரியில் சாய்கோட்டுக்குப் பின் வரும் பகுதியோ பல சர்வர்களில் பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா என்பதைப் பொறுத்தே திறக்கும் என்பதால், எங்கள் விலைப்பட்டியல் பக்கத்தின் முகவரியைப் புரூஃபில் கண்டபடியே தட்டியபோது பக்கம் வரவில்லை. போதாக்குறைக்கு மின்னஞ்சலின் கீழே அழகுக்காக ஒரு கோடு இழுத்திருந்தார்கள். முகவரியில் இருந்த அண்டர்ஸ்கோர் (_) அந்தக் கோட்டில் கரைந்து, இரண்டு சொற்களுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதுபோல் தெரிந்தது.

சுருக்கங்கள் இதைவிட மோசம். எண்களுக்கு முன்னால் 'எம்' (மொபைல்), 'டி' (டெலிபோன்), 'எஃப்' (ஃபேக்ஸ்) என்று ஒற்றை எழுத்துகள் நின்றன. எங்களிடம் ஃபேக்ஸ் கருவியே கிடையாது. பழைய டிசைனில் இருந்த 'எஃப்' எழுத்தை நீக்காமல் அதற்கு நேரே வாட்ஸ்ஆப் எண்ணைப் போட்டிருந்தார்கள். தரைவழித் தொலைபேசிக்கு +91 போட்ட பிறகு 044 என்றும் அச்சிட்டிருந்தார்கள். நாட்டுக் குறியீடு வந்துவிட்டால் அந்த முன்சுழியம் போய்விட வேண்டும், +91 44 என்பதே சரி. முகவரியிலோ, சென்னையில் வழக்கமான பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டுக்கும் நடுவே வெறும் சாய்கோடு. கூரியர்காரர் எதைத் தேடுவார்?

அங்கிருந்த டிடிபி (கணினியில் எழுத்துக் கோக்கும்) பணியாளர், நியாயமாகச் சொன்னால், பொறுமைசாலி. ஒவ்வொன்றையும் கேட்டுத் திருத்தினார், தனிக் கட்டணம் வாங்கவில்லை. ஆனால் ஃபைலை கர்வ் ஆக மாற்றுவதற்கு முன்பே திருத்தங்களைச் சொல்லிவிட வேண்டும். மாற்றிவிட்டால் எழுத்துகள் வெறும் உருவங்களாகிவிடுவதால் அந்த வரியையே புதிதாகக் கோக்க வேண்டும். பின்பக்கத் தமிழில் பெரிய எழுத்துக்கு வழியில்லாததாலோ என்னவோ, அது முன்பக்கத்தைவிடத் தெளிவாக அமைந்தது. இடம் தாராளமாக இருந்தும் 'கை.பே.' என்று சுருக்கியிருந்ததை மட்டும் 'கைப்பேசி' என்று விரித்துப் போடச் சொன்னோம்.

அச்சுத் தரத்திற்காக இந்த அச்சகத்திற்குத் தாராளமாகப் போகலாம். விவரங்களைக் கையால் எழுதித் தராமல், எந்த எழுத்து பெரிது, எது சிறிது என்று தெரியும்படி வாட்ஸ்ஆப்பில் தட்டி அனுப்பி, அதை அப்படியே எடுத்து ஒட்டச் சொல்லுங்கள். மாலையில் கூட்டம் நெரிவதால், புரூஃபைக் கணினித் திரையிலேயே உட்கார்ந்து பார்க்க விரும்புவோருக்குக் காலை நேரமே வசதி.