பேட்டரியா, வெந்நீர்த் தொட்டியா? கூரை சோலாரைச் செலவழிக்க மூன்று வழிகள்

மதியம் 12 மணிக்கு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூரையில் மின்சாரம் கொட்டுகிறது. கீழே அதைச் செலவழிக்க ஆளில்லை; பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். மாலை 7 மணிக்கு விளக்கு, ஏசி, அடுப்பு, வாஷிங் மெஷின் எல்லாம் ஒன்றாக ஓடும். அப்போது கூரை இருட்டு.

நாங்கள் போட்டது 20 கிலோவாட். நல்ல வெயில் நாளில் 80 யூனிட்டுக்குக் குறையாது. மிஞ்சுவதை என்ன செய்வது என்று குடியிருப்போர் கூட்டத்தில் பேசியபோது மூன்று யோசனைகள் வந்தன. மிச்சத்தைக் கிரிட்டுக்கு, அதாவது ஊருக்கெல்லாம் மின்சாரம் கொண்டுபோகும் பொதுக் கம்பி வலைக்குத் தள்ளிவிட்டு மாலையில் அங்கிருந்தே வாங்கிக்கொள்வது ஒன்று. பேட்டரி வைப்பது இன்னொன்று. மூன்றாவது, கட்டிடத்தின் வேலைகளையே வெயில் நேரத்துக்கு இழுத்து வருவது. நான் மூன்றாவது கட்சி. கூட்டத்தில் அதற்காக வாதாடி ஜெயித்தேன். அதைக் கட்டி மேய்க்கும் வேலையும் என் தலையில் விழுந்து இரண்டு வருடமாகிறது. ஆகவே இதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் கிரிட். "கிரிட்டே பெரிய பேட்டரிதானே" என்று சோலார் விற்க வருபவர்கள் சொல்வதுண்டு. கம்பியில் எதுவும் சேர்ந்து கிடப்பதில்லை. நாம் தள்ளும் ஒவ்வொரு யூனிட்டையும் அந்த நொடியே யாராவது செலவழித்தாக வேண்டும், இல்லையென்றால் எங்கோ ஒரு மின்நிலையம் அதே அளவு தன் உற்பத்தியைத் தணித்தாக வேண்டும். சேமிப்பு என்பதெல்லாம் மீட்டர் கணக்கில்தான். தெருவுக்கு ஒரு கூரை இருந்தவரை இது யாருக்கும் உறைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் கிரிட்டை நடத்தும் அமைப்பு 2013-இல் ஒரு வரைபடம் வெளியிட்டது. சோலார் தருவது போக மிஞ்சும் கிரிட்டின் தேவை நடுப்பகலில் தொப்பையாகச் சரிந்து, சூரியன் இறங்கும் நேரத்தில் கழுத்தாக விறுவிறுவென ஏறும். பார்க்க வாத்து மாதிரி இருந்ததால் வாத்து வளைவு என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் கழுத்தில் ஏறத்தான் மற்ற மின்நிலையங்கள் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மூச்சிரைக்க ஓடவேண்டியிருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து அங்கே புதிதாகச் சேர்பவர்கள் தள்ளும் மின்சாரத்துக்கான மதிப்பைப் பெருமளவு வெட்டிவிட்டார்கள். மதியச் சந்தையில் எல்லோரும் ஒரே காயை விற்றால் நடப்பதுதான்.

ஜெர்மனியின் கதை வேறு மாதிரி. அங்கே பழைய இன்வெர்ட்டர்கள் (சோலார் பலகையின் மின்சாரத்தைக் கிரிட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டிகள்) பெரும்பாலும், வழக்கமாக 50 ஹெர்ட்ஸில் நிற்கும் கிரிட்டின் அதிர்வெண் மின்சாரம் மிஞ்சி 50.2-ஐத் தொட்டதும் சட்டென்று கழன்றுகொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. கூரைகள் கொஞ்சமாக இருந்தவரை அது பாதுகாப்பு. லட்சக்கணக்கான கூரைகள் ஒரே நொடியில் கழன்றால் அதுவே விபத்து. 2012-இல் விதி போட்டு, ஏற்கெனவே மாட்டியிருந்த இன்வெர்ட்டர்களின் அமைப்பை மாற்றவேண்டி வந்தது.

எங்களுக்கு அவ்வளவு பெரிய பாடம் தேவைப்படவில்லை. எங்கள் இன்வெர்ட்டரே சொல்லிக்கொடுத்தது. விடுமுறை நாள், மதியம் 1 மணி, மேகமே இல்லை. உற்பத்தி உச்சத்தில் இருக்கவேண்டிய நேரத்தில் திரையில் பூஜ்யம். வோல்டேஜ் 254. 230 வோல்ட் இணைப்பில் 10 சதவீதம் கூடினால் 253. அதைத் தாண்டினால் எங்கள் இன்வெர்ட்டர் ஒதுங்கிக்கொள்ளும். மின்சாரத்தை வெளியே தள்ள வேண்டுமென்றால் நம் பக்க வோல்டேஜ் கிரிட்டின் வோல்டேஜைவிடச் சற்று உயர்ந்தாக வேண்டும். கேபிள் நீளமாகவும் மெலிதாகவும் இருந்தால் அந்தச் 'சற்று' பெருகிவிடும். சில நிமிடம் காத்திருந்து மறுபடி இணையும், தள்ளும், மறுபடி கழலும். அன்று மதியம் பூராவும் இதே கூத்து. கிரிட்டை நம்பி விட்டால் நல்ல வெயிலிலேயே உற்பத்தி வீணாகும் என்று அன்றைக்குப் புரிந்தது.

பேட்டரி இதற்கு நேரடி மருந்து. அதன் நல்ல குணங்களை விளக்கத் தேவையில்லை: பகலில் நிரப்பு, இரவில் எடு. கரண்ட் போனால் சாதாரண கிரிட் இன்வெர்ட்டர் வெயில் காய்ந்தாலும் அணைந்துவிடும், வெளியே கம்பியில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக. அதற்கேற்ற இன்வெர்ட்டரோடு பேட்டரி இருந்தால் வீடு தனித்து ஓடும். உச்ச லோடுக்கு, அதாவது மாதத்தில் மிக அதிகமாக இழுத்த 15 அல்லது 30 நிமிடத்துக்குத் தனிக் கட்டணம் வாங்கும் இடங்களில் அந்தக் கூர்முனையை வெட்டவும் அதைவிட வசதி கிடையாது.

எனக்கு உதைத்தது ஒரே இடத்தில்: பேட்டரிக்கு வயதாகிறது. பலரும் இதை "பத்து வருஷ வாரண்டி இருக்கே" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். நான் நின்று யோசித்தது இதில்தான்.

லிஃப்ட்டுக்காக எங்களிடம் பழைய ஈய அமில பேட்டரி வரிசை ஒன்று இருந்தது. மாதம் ஒருமுறை மூடிகளைத் திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவேன். டெர்மினல்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும். வெந்நீர் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்து வாசலின் தடவவேண்டும். தொடராகக் கோத்த பேட்டரிகளில் ஒன்று நொண்டினால் மற்றவையும் அதன் வேகத்துக்குத்தான் நடக்கும். ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால் பழையவை புதியதையும் சீக்கிரம் கிழமாக்கும். ஆக ஒன்று செத்தாலும் எல்லாவற்றையும் மாற்றும் செலவு.

லித்தியத்தில் இந்தத் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, உண்மை. ஆனால் வயதாவது இருக்கிறது, அதுவும் இரண்டு விதமாக. நிரப்பிக் காலிசெய்யும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் தேயும். தினம் ஒரு சுற்று என்றால் பத்து வருடத்துக்கு 3,650. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை இதைத் தாங்கும். இரண்டாவது தேய்மானம்தான் யாரும் சொல்லாதது: சும்மா வைத்திருந்தாலும் நாள்கணக்கில் வயதாகும். முழுசாக நிரம்பி, சூடாக இருக்கும்போதுதான் அந்த முதுமை மிக வேகம். இப்போது சோலார் பேட்டரியின் ஒரு நாளைப் பாருங்கள். மாலை 4 மணிக்கு அது முழுசாக நிரம்பியிருக்கும். கூரைக்குக் கீழே பேட்டரி வைக்கும் அறை அன்றைய நாளின் உச்சச் சூட்டில் இருப்பதும் 4 மணிக்குத்தான். தினமும், சொல்லிவைத்தாற்போல. அறைக்கு ஏசி போட்டால் சரியாகும்; அப்புறம் சேமித்த மின்சாரத்தில் ஒரு பங்கைப் பேட்டரியே சாப்பிடும். போகவர 10 முதல் 15 சதவீதம் ஏற்கெனவே இழப்பு.

வாரண்டியைப் படித்துப் பார்த்தால் பொதுவாக, பத்து வருட முடிவில் 70 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்பதுதான் வாக்குறுதி. 35 யூனிட் பேட்டரிக்குக் காசு கொடுத்து 24 யூனிட்டில் வந்து நிற்போம். எட்டாவது வருடம் ஒரு பெட்டி கெட்டால் அதே மாடல் கிடைக்குமா, புதியதும் பழையதும் சேர்ந்து ஓடுமா என்ற கேள்விக்கு விற்பனையாளர் சிரிப்பார். தனி வீட்டில் இருப்பவர் தானே முடிவெடுத்துக்கொள்ளலாம். குடியிருப்பில், அன்றைக்குச் செயலாளராக இருக்கப்போகும் ஏதோ ஓர் அப்பாவி, கூட்டத்தில் எழுந்து நின்று மறுபடி பணம் கேட்கவேண்டும்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். லித்தியத்தில் என் சொந்த அனுபவம் 5 யூனிட் பெட்டி ஒன்றோடு, 14 மாதம். அதில் இதுவரை ஒரு குறையும் இல்லை. மேலே எழுதிய பயத்தில் பாதி அந்த ஈய அமில வரிசை எனக்குக் கொடுத்த வடு.

சரி, மூன்றாவது வழி. இதில் கணக்குப் போட உட்கார்ந்தபோது என் முதல் நினைப்பே தப்பு. மேல்தொட்டிக்கு ஏற்றும் தண்ணீர் மோட்டாரைப் பகலுக்கு மாற்றினால் பெரிய லாபம் என்று நினைத்தேன். 10,000 லிட்டரை 20 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, இழப்பைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், அரை யூனிட்தான். மோட்டாரின் திறன், குழாயின் உராய்வு எல்லாம் சேர்த்தாலும் ஒன்றரைக்குள் அடங்கும். அவ்வளவு சத்தம் போடும் மோட்டார் இவ்வளவு குறைவாகத்தான் சாப்பிடுகிறது! பெரிய தீனிக்காரன் சத்தமே போடாத வெந்நீர்த் தொட்டி. 1,000 லிட்டரை 30 டிகிரி சூடேற்ற 35 யூனிட் வேண்டும். எங்கள் பொதுத் தொட்டியின் அளவே அதுதான். அதிகாலையில் கிரிட்டிலிருந்து இழுத்துக்கொண்டிருந்த அந்த 35 யூனிட்டை மதியத்துக்கு நகர்த்தினால், 35 யூனிட் பேட்டரி வாங்கியதற்குச் சமம். வெந்நீர் திரும்ப மின்சாரமாகாது என்று கூட்டத்தில் ஒருவர் மடக்கினார். காலை 6 மணிக்குக் குழாயைத் திறப்பவர் மின்சாரம் கேட்பதில்லையே, வெந்நீர்தானே கேட்கிறார்.

தொட்டிக்குத் தேய்மானமே இல்லை என்று சொல்லமாட்டேன். உள்ளே துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் மக்னீசியம் கம்பியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். உப்பு படியும். இரவில் ஒன்றிரண்டு யூனிட் சூடு கசியும். வெயில் இல்லாத நாட்களில் வெதுவெதுப்பாகவே விட்டுவிடவும் கூடாது. 20-க்கும் 45 டிகிரிக்கும் இடையில், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா செழிக்கும். அதனால் எங்கள் தொட்டியை 60 டிகிரிக்கு ஏற்றி வைக்கிறோம், மேக நாளில் கிரிட்டிலிருந்து எடுத்தாவது. குழாய்க்குப் போகும் வழியில் குளிர்ந்த நீரைக் கலக்கும் வால்வு கட்டாயம், இல்லாவிட்டால் கை வெந்துவிடும். ஆனால் பத்து வருடம் கழித்தும் 1,000 லிட்டர் தொட்டி 1,000 லிட்டர்தான் பிடிக்கும்.

தவறு செய்த இடம் கட்டுப்பாட்டில். முதலில் காவலாளியை 10 மணிக்கு சுவிட்சைப் போடச் சொன்னோம். அவருக்கு ஆயிரம் வேலை, பாதி நாள் மறந்துபோகும். பிறகு டைமர். அதற்குக் கடிகாரம் தெரியும், மேகம் தெரியாது. மூன்றாவதாக, கூரையிலிருந்து வெளியே எவ்வளவு போகிறது என்று அளந்து அதற்கேற்ப ஹீட்டரை இணைக்கும் ஏற்பாடு. புத்திசாலித்தனம் என்று பெருமையோடு மாட்டினேன். துண்டு மேகங்கள் ஓடிய ஒரு பிற்பகலில் மின்பலகை அறையிலிருந்து டக், டக், டக் என்று சத்தம். மேகம் வந்ததும் கான்டாக்டர் (ஹீட்டரை இணைத்துப் பிரிக்கும் தானியங்கி சுவிட்ச்) விடுகிறது, நகர்ந்ததும் பிடிக்கிறது. ஹீட்டர் இணைந்ததும் வெளியே போவது குறைகிறது, உடனே போதாது என்று நினைத்து மறுபடி விடுகிறது. இரண்டு வாரத்தில் கான்டாக்டரின் முனைகள் கருகி ஒட்டிக்கொண்டன. நல்லவேளை, தொட்டியின் தெர்மோஸ்டாட் தனியாக இருந்ததால் தண்ணீர் கொதிக்கவில்லை. தீர்வு எளிது: 6 கிலோவாட் ஹீட்டரை 2 கிலோவாட்டாக மூன்று துண்டு போட்டு, மூன்று ஃபேஸ்களுக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். ஒருமுறை மாறினால் 10 நிமிடம் அசையக்கூடாது என்று தாமதம் வைத்தோம். சேருவதற்கான அளவையும் விடுவதற்கான அளவையும் தள்ளித் தள்ளி வைத்தோம். கருகிய கான்டாக்டரை மாற்ற அரைமணி நேரம் ஆயிற்று. பேட்டரி விஷயத்தில் இந்த மாதிரி அரைமணி நேரத்தில் முடியும் பழுதை நான் பார்த்ததில்லை.

எதிர்பாராத வரவு ஒன்று. மதியத்தில் அந்த 6 கிலோவாட்டும் உள்ளேயே செலவானதால் வெளியே தள்ளும் அழுத்தம் குறைந்து, வோல்டேஜ் 247-ஐச் சுற்றியே நிற்கிறது. விடுமுறை நாள் கூத்து கிட்டத்தட்ட நின்றுவிட்டது. கிரிட்டுக்கும் இது நல்லதுதான்; வாத்தின் தொப்பையிலும் கழுத்திலும் நம் பங்குக்குக் கொஞ்சம் குறைகிறது.

கட்டிடத்தை முன்கூட்டியே குளிரவைப்பதையும் பொது அரங்கில் செய்து பார்க்கிறோம். 100 சதுர மீட்டர், 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் 36 டன் எடை. அதை 2 டிகிரி குளிர்வித்தால் 17 யூனிட்டுக்கு மேல் குளிர்ச்சி உள்ளே நிற்கும் என்பது காகிதக் கணக்கு. சில மணி நேரத்துக்குள் அவ்வளவு ஆழத்துக்குக் குளிர் இறங்காது; பாதி கிடைத்தாலே பெரிது. 2 மணிக்கே ஏசியைப் போட்டு 6 மணிக்குக் குறைக்கிறோம். மாலைக் கூட்டத்துக்கு வருபவர்கள் குறை சொல்லவில்லை. வீடுகளுக்குள் இதைச் செய்ய யாரையும் வற்புறுத்த முடியாது. மின் வாகனமும் அப்படித்தான்: பகலில் வண்டி நிற்கும் அலுவலகக் கட்டிடத்துக்கு அருமையான லோடு, எங்களுடையவை பகலில் ஊர் சுற்றப் போய்விடுகின்றன.

உங்கள் கட்டிடத்தில் வெந்நீர்த் தேவையே இல்லை, அல்லது கேஸில் சூடாகிறது, அல்லது தினம் மின்வெட்டு என்றால் என் கணக்கு கவிழ்ந்துவிடும், பேட்டரிக்கே போங்கள். கிரிட்டின் மட்டத்திலும் நான் பேட்டரிக்கு எதிரியில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2017-இல் வைத்த 100 மெகாவாட் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி, அதிர்வெண் தடுமாறினால் ஒரு நொடிக்குள் கைகொடுக்கிறது. எந்த வெந்நீர்த் தொட்டியும் அதற்கு ஈடாகாது. அங்கே அதைக் கவனிக்கச் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே நான்தான்.

அந்த 5 யூனிட் பெட்டி என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஈய அமில வரிசையைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் வைத்திருக்கிறோம், தரைத்தளத்தில், வெயில் படாத மூலையில், எப்போதும் முழுசாக நிரப்பாமல். கரண்ட் போனால் லிஃப்ட்டைப் பக்கத்துத் தளத்துக்கு இறக்கிக் கதவைத் திறக்கவும், படிக்கட்டு விளக்குகளுக்கும் மட்டும்.