வன்னி மாரியில் தோல் சப்பாத்து: நீண்டநாள் அனுபவம்

குளக்கட்டு, வயல்வரம்பு, காட்டுப்பாதை என்று நடந்தே செய்கிற வேலை என்னுடையது. சில ஆண்டுகளாகக் கணுக்காலை மூடும் தோல் சப்பாத்தைத்தான் அணிகிறேன். இறப்பர் பூட்ஸ் வெளித்தண்ணீரை விடாது, உண்மைதான். ஆனால் நம் புழுக்கத்தில் கால் வியர்த்தே ஊறிவிடும். சூரைமுள்ளும் விரியனும் உள்ள பற்றைகளுக்குள் செருப்போடு இறங்கவும் முடியாது.

ஐப்பசி மழை தொடங்குமுன் தேன்மெழுகுப் பசை பூசிவிட வேண்டும். நல்ல தடித்த தோலில் தண்ணீர் சட்டென்று இறங்காது. நாக்கின் ஓரத் தையலும், தோல் அடியோடு சேரும் விளிம்பும்தான் முதலில் கசியும். அங்கே துணி போதாது. விரல் நுனியால் அழுத்தித் தேய்த்தால் உடற்சூட்டில் பசை இளகித் தையல் துளைக்குள் இறங்கும். மற்ற இடங்களுக்கு மெல்லிய பூச்சு போதும். அப்பிப் பூசினால் தோல் மூச்சுவிடாது, கால் வேகும். ஊரில் பலர் தேங்காய் எண்ணெய் பூசுகிறார்கள். அது 25 பாகையிலேயே உருகுவது. இங்கே பெரும்பாலும் நீர்மமாகவே இருந்து, தோலைத் தொளதொளப்பாக்கிவிடும். தேன்மெழுகு உருக 60 பாகைக்கு மேல் வேண்டும்.

முழங்கால் அளவு வெள்ளத்தில் எந்த மெழுகும் உதவாது. தண்ணீர் மேல்வழியாக வந்துவிடும். மாற்றுக் காலுறை ஒரு சோடி பையில் இருக்கட்டும்.

தோலைக் கெடுப்பது மழையைவிட, நனைந்த பிறகு நாம் காட்டும் அவசரம். ஈரத்தோலை அடுப்படியில் வைத்தால் நார்கள் சுருங்கி விறைத்துவிடும். பிறகு விரல் மடங்கும் இடத்தில் வெடிப்பு விழும். களியைக் கழுவி, நாடாவைக் கழற்றி, உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து விறாந்தை நிழலில் வையுங்கள். தாள் ஊறியதும் மாற்றுங்கள். காலையில் போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். தேளுக்கும் அந்த இடம் பிடிக்கும்.

வாங்கும்போது அடியைப் பாருங்கள். எனது முந்திய சோடியின் பொலியுரித்தேன் அடி, அலமாரியில் இருந்தபடியே பொடிந்து உதிர்ந்தது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் அந்தப் பொருள் அணியாமலே சிதையும். இப்போதுள்ளது தைத்த இறப்பர் அடி. தேய்ந்ததும் கிளிநொச்சியில் சப்பாத்துத் தைக்கும் ஐயா ஒருவர் புதிய அடி போட்டுத் தந்தார். புதுத்தையலுக்கு அன்றிரவே மெழுகு தேய்த்தேன். வருகிற காலபோக (மாரிகால) நெற்செய்கைக்கும் இதே சோடிதான்.