எக்ஸ்ரேயா, சிடியா, கையில புடிக்கிற ஸ்கேனா? தோட்டப்புற ஊருக்கு எது சரி

போன வாரம் கோயில் கமிட்டி அண்ணன் ஒருத்தர் புடிச்சு நிறுத்தி கேட்டாரு, தம்பி அடுத்த தடவை கோவிட் மாதிரி ஒண்ணு வந்தா நம்ம சுங்கை சிப்புட் சுத்துவட்டாரத் தோட்டத்து சனத்துக்கு என்ன மெஷின் வாங்கிக் குடுத்தா உதவும், கையில கொஞ்சம் வசூல் இருக்குன்னு. நான் மெடிக்கல் அசிஸ்டண்ட், இங்க பெரியவங்க வாயில இன்னும் டிரஸ்ஸர்தான். 2021ல ராத்திரி பகல் பார்க்காம நின்னவன்ங்கிறதால ரெண்டு வார்த்தையில பதில் சொல்லிட்டுப் போக மனசு வரல, அதான் எழுதறேன்.

அந்த வருஷம் ஆகஸ்ட் 26ஆம் தேதி ஒரே நாள்ல மலேசியா முழுக்க 24 ஆயிரத்துக்கு மேல கேஸ். பாசிட்டிவா இல்லையான்னு சொல்றது மூக்குல குச்சி விட்டு எடுக்கிற ஸ்வாப்போட வேலை. எங்க முன்னாடி நின்ன கேள்வி வேற, இவரு கேட்டகரி 2ஆ 3ஆ? அதாவது காய்ச்சல் இருமலோட நிக்குதா இல்ல நுரையீரல்ல நிமோனியா எறங்கிடுச்சா. 4க்குப் போயிட்டா ஆக்சிஜன் வேணும், அதுக்கு முன்னாடியே புடிக்கணும். பிபிஇ மாட்டிக்கிட்டு ஸ்டெதஸ்கோப் வச்சுக் கேக்கறது அநேகமா நடக்காத காரியம், அதை விட்டுடுவோம்.

முதல்ல விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர், ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு காட்டும். மலிவு, வீட்டுக்கு ஒண்ணு குடுக்கலாம், வீட்டுப் புள்ளைங்களே பார்த்து வாட்ஸ்அப்ல நம்பர் அனுப்பிடும். ஆனா ரெண்டு விஷயம் மனசுல வைக்கணும். கோவிட்ல சில பேருக்கு நம்பர் நல்லாவே நிக்கும், ஆளு பேசுவாரு டீ குடிப்பாரு, எந்திரிச்சு கக்கூஸ் வரைக்கும் நடந்தா சடார்னு எறங்கிடும், அதனால நடக்க வச்சுத்தான் பார்க்கணும். இன்னொண்ணு நம்மளுக்கு ரொம்ப முக்கியம். 2020 டிசம்பர்ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வு, கறுப்பினத்தவங்களுக்கு ரத்தத்துல ஆக்சிஜன் உண்மையில குறைஞ்சிருந்தும் இந்த மெஷின் நல்லா இருக்குன்னு காட்டுறது வெள்ளைக்காரங்களைவிட கிட்டத்தட்ட 3 மடங்குன்னு சொல்லுச்சு. வெயில்ல செம்பனைக் குலை வெட்டுற நம்ம ஆளுங்க தோல் நிறத்தை நினைச்சா 95ன்னு வர்றதை அப்படியே நம்ப எனக்குக் கை வர்றதில்ல, அதோட விரல்ல மருதாணி இருந்தா வேற விரல் மாத்திப் பாருங்க.

எக்ஸ்ரே நல்லது இல்லன்னு சொல்லமாட்டேன். படம் நிலையா இருக்கும், ஈப்போவுல இருக்கிற ஸ்பெஷலிஸ்ட்டும் அதே படத்தைப் பார்த்துப் பேசலாம், கதிர்வீச்சும் கொஞ்சம்தான். ஆனா ஆரம்ப நாள்ல பல சமயம் நார்மல்னே வரும், இதயத்துக்குப் பின்னாடியும் உதரவிதானத்துக்குக் கீழ எறங்கற பகுதியும் மறைஞ்சிடும், கோவிட் உக்காரற இடமே பின்பக்கம் அடிப்பகுதிதான். அதோட நோயாளியை வராந்தா வழியா தள்ளிட்டுப் போகணும், முடிஞ்சதும் ரூமைத் துடைக்கணும், வெளிய வரிசை நிக்கும்.

சிடி ஸ்கேன் எல்லாத்தையும்விட தெளிவு, நுரையீரல் ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டி அடைச்சிருக்கான்னு பார்க்க பெரும்பாலும் அதைத்தான் நம்புவாங்க. எங்களுக்கு அது 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவுல, ஆம்புலன்ஸ் ஒண்ணு ஆளு ரெண்டு பேர் அரை நாள் போயிடும், கதிர்வீச்சும் எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு. லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, இருக்கிற எல்லாருக்கும் சிடின்னு பேசறது நடக்கிற பேச்சு இல்ல.

இப்ப கையில புடிக்கிற அல்ட்ராசவுண்டு. காத்து இருக்கிற இடத்துல அல்ட்ராசவுண்டு போகாது, அதனால நுரையீரலுக்கு அது ஆகாதுன்னுதான் ரொம்ப காலம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பிரான்ஸ் டாக்டர் டேனியல் லிக்டென்ஸ்டைன் அதை விடாம பார்த்து 2008ல மூச்சுத்திணறலுக்கு என்ன காரணம்னு ஸ்கேன்ல பார்க்க புளூ புரோட்டோகால்னு ஒரு முறையை வெளியிட்டாரு. நல்ல நுரையீரல்ல குறுக்குக் கோடு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா தெரியும், அது ஏ லைன். அழற்சியோ நீரோ சேர்ந்தா மேல இருந்து ஸ்கிரீன் அடிவரைக்கும் வெளிச்சக் கோடா எறங்கும், லயத்துத் தகரக் கூரை ஓட்டை வழியா வெயில் எறங்குமே, அச்சு அசல் அப்படி, அது பி லைன். ஓரத்துல இருக்கிறது மட்டும்தான் தெரியும், நடுவுல ஆழமா இருந்தா தெரியாது. கோவிட் ஓரத்தைப் புடிக்கிற நோய்ங்கிறதாலதான் இது இவ்வளவு பயன்பட்டுச்சு. 12 இடம், இடத்துக்கு 0ல இருந்து 3 வரைக்கும் மார்க், மொத்தம் 36, மார்க் கூடக்கூட நுரையீரல் மோசம். நான் முதுகுல இருந்துதான் ஆரம்பிப்பேன். ஒரு பாட்டி ஜெல் பட்டதும் "என்னாய்யா இவ்வளவு சில்லுங்குது, நெத்தியில பூசு காய்ச்சலாவது எறங்கும்"னாங்க.

நம்பரும் சொல்லிடறேன். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022ல வந்த கோக்ரேன் தொகுப்புல, கோவிட் இருக்கிற 100 பேர்ல அல்ட்ராசவுண்டு 89 பேரைப் புடிச்சுது, சிடி 87, எக்ஸ்ரே 73. இதைப் பார்த்து சிடியைவிட ஒசத்தின்னு சொல்லிடாதீங்க, 2 நம்பர் வித்தியாசம் ஒரு வித்தியாசமே இல்ல. கோவிட் இல்லாத 100 பேர்ல இருக்குன்னு தப்பா காட்டுறது அல்ட்ராசவுண்டுக்கும் எக்ஸ்ரேக்கும் 27 பேர் பக்கம், சிடிக்கு 22. ஆக புடிக்கிறதுல எக்ஸ்ரேயை நல்லாவே முந்துது, தப்பா கைகாட்டுறதுல ரெண்டும் ஒண்ணுதான்.

ரெண்டையும் நான் கண்ணால பார்த்திருக்கேன். செம்பனைத் தோட்டத்துல குலை வெட்டுற ஒரு அண்ணன், ஆக்சிமீட்டர்ல 96, எக்ஸ்ரே சுத்தம், வீட்டுக்கு அனுப்பலாம்னு பேப்பர் எழுதியாச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு முதுகுல ஸ்கேனோட புரோப், அதான் உடம்புல வைக்கிற கருவி, வச்சேன், ரெண்டு பக்கமும் அடியில பி லைன் கொட்டுது, நுரையீரலைச் சுத்தி இருக்கிற ஓரச் சவ்வு கரடுமுரடா இருக்கு. கொஞ்ச தூரம் நடக்க வச்சோம், 89. அன்னைக்கு ராத்திரியே ஆக்சிஜன்ல போட்டாச்சு. இன்னைக்கும் சந்தையில பார்த்தா கையப் புடிச்சுக்குவாரு.

அடுத்தது என் தப்பு. டயாலிசிஸ் பண்ற அம்மா ஒருத்தங்க மூச்சுவாங்கி வந்தாங்க, ரெண்டு பக்கமும் பி லைன், கோவிட் நிமோனியாதான்னு எழுதிட்டேன், ஒரு ராத்திரி பூரா கோவிட் சந்தேக வார்டுல மகளைக்கூட பார்க்க முடியாம கெடந்தாங்க. ஸ்வாப் நெகட்டிவ், டயாலிசிஸ் பண்ணதும் மூச்சு சரியாயிடுச்சு, நீர் கோத்ததுதான் காரணம். திரும்பப் பார்த்தா சவ்வு வழவழன்னு இருக்கு, கோடு எல்லா இடத்துலயும் ஒரே சீரா, நெஞ்சுக்கூட்டுல தண்ணி வேற. கோவிட்ல திட்டுத்திட்டா இருக்கும், தண்ணி கட்டுறது அபூர்வம். 2019 தேசிய சுகாதார ஆய்வுல நாட்டுல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு சர்க்கரை, அதுல கிட்னி போனவங்க நம்ம சனத்துல எத்தனை பேர்னு வீட்டுக்கு வீடு தெரியும். ஸ்வாப், நோயாளியோட கதை ரெண்டும் இல்லாம ஸ்கேனை மட்டும் பார்த்து முடிவு எழுதக்கூடாதுன்னு அந்த அம்மாகிட்டதான் கத்துக்கிட்டேன்.

அதனால கமிட்டி அண்ணனுக்கு என் பதில் இதான். காசு கொஞ்சம்னா ஆக்சிமீட்டர்தான் முதல்ல, லயத்துக்குப் பத்து வாங்குங்க, நடக்க வச்சுப் பார்க்கச் சொல்லிக் குடுக்கறது என் பொறுப்பு. மீதி இருந்தா ஃபோன்ல சொருகுற ஸ்கேன் ஒண்ணு. அந்த மாதிரி ஸ்கேன்ல பட்டர்ஃப்ளைங்கிறது 2018ல சந்தைக்கு வந்தப்ப 2000 அமெரிக்க டாலர் பக்கம், அதுக்கு மேல வருஷா வருஷம் சந்தா, அதையும் கணக்குல வைங்க. பிளாஸ்டிக் உறை போட்டு நோயாளிக்கு நோயாளி துடைச்சுக்கலாம், ஆளை நகர்த்தவே வேண்டாம், ஆனா பார்க்கிறவர் பக்கத்துலயே நிக்கணும், அவருக்கு நல்ல மாஸ்க் வேணும். முக்கியமா கிளினிக்ல ரெண்டு பேராவது தெரிஞ்ச டாக்டர் பக்கத்துல நின்னு முன்கூட்டியே பழகியிருக்கணும், நோய் வந்தப்புறம் பழக நேரம் கிடைக்காது. எக்ஸ்ரே இருக்கிற எடத்துல அது அப்படியே இருக்கட்டும், சிடிக்கு யாரை ஈப்போ அனுப்பறதுன்னு ஆக்சிமீட்டரையும் கை ஸ்கேனையும் வச்சு டாக்டர் முடிவு பண்ணட்டும். ஜெல் வாங்க மறந்துடாதீங்க அண்ணே, 2021ல ஒரு வாரம் அது இல்லாம ஸ்கேன் சும்மா கெடந்துச்சு.