எழுதிக் கொடுத்ததை மட்டுமே நம்பும் ஷெட்யூலர்: குபெர்னெட்டீஸுடன் ஆறு ஆண்டுகள்

பல கணினிகளில் மென்பொருள் சேவைகளைப் பரப்பி ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸை 2019 முதல் இடைவிடாமல் பயன்படுத்தி வருகிறேன். மூன்று நோட்களும் (கணினிகளும்) பதினொரு சேவைகளுமாகத் தொடங்கிய எங்கள் கிளஸ்டர் என்னும் கணினித் தொகுப்பு, இன்று முப்பது நோட்களும் அறுபதுக்கும் மேற்பட்ட சேவைகளுமாக வளர்ந்திருக்கிறது. கிளஸ்டரை ஆளும் மூளையான கண்ட்ரோல் பிளேனைக் கிளவுட் நிறுவனமே பராமரிக்கும் வகையைத் தேர்ந்தெடுத்ததால், கிளஸ்டரின் நிலையைச் சேமித்து வைக்கும் எட்சிடி தரவுத்தளத்தைக் காப்பாற்றும் பெருஞ்சுமை எங்கள் தலையில் விழவில்லை. ஆகவே, கிளஸ்டரின் மேல் சேவைகளை ஓட்டி, நள்ளிரவில் அலைபேசி ஒலித்தால் எழுந்து பார்ப்பவரின் அனுபவமாக மட்டுமே இதை வாசிக்க வேண்டும்.

இதற்கு முன்பு எங்களிடம் இருந்தவை சில மெய்நிகர் கணினிகளும், ஷெல் ஸ்கிரிப்ட்டுகளும், எந்தச் சேவை எங்கே ஓடுகிறது என்று குறித்துவைத்த ஒரு விரிதாளும்தான். அந்த விரிதாள் எப்போதும் இரண்டு வாரம் பின்தங்கியே இருக்கும். கூகுள் தன் உள் பயன்பாட்டுக்கு வைத்திருந்த போர்க் அமைப்பின் அனுபவத்திலிருந்து பிறந்து, 2014-இல் திறமூலமாக வெளிவந்து, 2015-இல் 1.0 பதிப்பை எட்டிய குபெர்னெட்டீஸ், அந்த விரிதாளுக்கு வேலையில்லாமல் செய்துவிட்டது. இந்தச் சேவைக்கு மூன்று பிரதிகள் வேண்டும் என்று யாம்ல் என்னும் அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டால், அந்த எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது அதன் பொறுப்பு. நோட் ஒன்று பேச்சுமூச்சின்றிப் போனால், இயல்பமைப்பில் ஐந்து நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலாகக் காத்திருந்த பிறகே அதிலிருந்த பாட்களுக்கு (சேவைகளின் ஓடும் பிரதிகளுக்கு) மாற்று ஏற்பாடு செய்கிறது என்பதை முதல் முறை கண்டபோது, கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

எங்களுக்கு அதிகப் பாடம் கற்பித்தது, எந்தப் பாட்டை எந்த நோட்டில் வைப்பது என்று முடிவுசெய்யும் ஷெட்யூலர்தான். புதிய பாட் ஒன்று வந்தால், அதற்குப் பொருந்தாத நோட்களை ஷெட்யூலர் முதலில் கழித்துவிடுகிறது. எஞ்சியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, அதிகம் பெற்ற நோட்டில் பாட்டை வைக்கிறது. இந்தக் கணக்கில் அது பார்ப்பது, ஒரு பாட்டுக்கு எவ்வளவு சிபியுவும் மெமரியும் வேண்டும் என்று நாம் ரிக்வெஸ்ட் என எழுதிக் கொடுத்த எண்களை மட்டுமே. நோட்டில் அந்த நேரத்தில் உண்மையில் எவ்வளவு சிபியு செலவாகிறது என்பதை அது கவனிப்பதில்லை. ஆவணத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும் செய்திதான் இது. ஆயினும் படித்துத் தெரிந்துகொண்டதற்கும் பட்டுத் தெரிந்துகொண்டதற்கும் இடையே எங்களுக்கு ஒன்றரை ஆண்டு கழிந்தது.

ஒரு நாள் மாலை, புதிய சேவை ஒன்றை வெளியிட்டபோது அதன் பாட்கள் பென்டிங் (இடத்துக்குக் காத்திருக்கும்) நிலையிலேயே நின்றன. எந்த நோட்டிலும் போதிய சிபியு இல்லை என்றது நிகழ்வுப் பதிவு. கண்காணிப்புத் திரையிலோ ஒவ்வொரு நோட்டும் ஒன்பது, பத்து சதவீதத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. நோட் ஒன்றின் விவரத்தை வரவழைத்து, கடைசியில் வரும் ஒதுக்கீட்டுப் பகுதியைப் பார்த்தோம்: நான்கு கோர் கொண்ட கணினியில் பாட்களுக்குக் கிடைப்பது 3,920 மில்லிகோர் (ஒரு கோரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிகோர்), அதில் ஏழு பாட்கள் ஆளுக்கு 500 மில்லிகோர் கேட்டு உட்கார்ந்திருந்தன, பதிவுகளைத் திரட்டும் முகவர் முதலான சில்லறைகள் 300. ஆக 97 சதவீதம் முன்பதிவாகிவிட்டது. அந்த ஏழில் எதுவும் 60 மில்லிகோருக்கு மேல் உண்மையில் செலவழிக்கவில்லை. முதல் சேவைக்கு யாரோ குத்துமதிப்பாக எழுதிய 500-ஐ அடுத்தடுத்து வந்தவர்கள் அப்படியே நகலெடுத்ததுதான் காரணம். அந்த யாரோ நான்தான் என்பதைக் கோப்பின் வரலாறு காட்டிக்கொடுத்தது.

மெமரியில் செய்த தவறு இதற்கு நேர் எதிரானது. சிக்கனம் என்று நினைத்து ரிக்வெஸ்ட்டை 256 எம்பி என்றும் தாண்டக் கூடாத உச்சவரம்பான லிமிட்டை 2 ஜிபி என்றும் எழுதினோம். ஷெட்யூலர் 256-ஐ நம்பி ஒரே நோட்டில் பல பாட்களை நெருக்கி வைத்தது; மாத இறுதி அறிக்கைகள் ஓடும் நேரத்தில் அவை எல்லாம் ஒன்றாக வீங்கின. நோட்டின் மெமரி தீரும் தறுவாயில், கேட்டதைவிட அதிகம் எடுத்துக்கொண்ட பாட்களை, ஒவ்வொரு நோட்டிலும் இருந்து அவற்றைக் கவனிக்கும் கியூப்லெட் வெளியேற்றத் தொடங்கியது. சில பாட்களை இயங்குதளத்தின் கர்னலே முந்திக்கொண்டு கொன்று, 137 என்ற வெளியேற்ற எண்ணை விட்டுச்சென்றது. அன்றிலிருந்து மெமரிக்கு ரிக்வெஸ்ட்டும் லிமிட்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் விதி.

சிபியு லிமிட்டைப் பொறுத்தவரை, விரைவாகப் பதில் சொல்ல வேண்டிய சேவைகளிலிருந்து அதை நீக்கிவிட்டோம். லிமிட் 500 மில்லிகோர் என்றால், ஒவ்வொரு 100 மில்லிவினாடியிலும் 50 மில்லிவினாடி அளவே சிபியு நேரம் கிடைக்கும். நான்கு த்ரெட்கள் (இணையாக ஓடும் பணிகள்) ஒரே நேரத்தில் முழு வீச்சில் இயங்கினால் அந்தப் பங்கு பன்னிரண்டரை மில்லிவினாடியில் தீர்ந்து, மீதி நேரம் முழுவதும் பாட்டுக்குள் ஓடும் கன்டெய்னர் கைகட்டி நிற்கும். சராசரிப் பயன்பாட்டு வரைபடத்தில் இது தெரியாது. பயனர் மட்டும் தாமதத்தை உணர்வார். இந்த முடிவில் மாற்றுக் கருத்துள்ளவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். ஒரு சேவை தறிகெட்டு ஓடினால் அண்டை பாட்களை நசுக்கிவிடாதா என்பது அவர்களுடைய கேள்வி. ரிக்வெஸ்ட் எண்களைச் சரியாக எழுதியிருந்தால் நெருக்கடியில் அந்த விகிதப்படியே சிபியு பகிரப்படும் என்பதால், நான் அதற்கு அஞ்சுவதில்லை.

எங்கள் மிக மோசமான இரவுக்குக் காரணமும் நாங்களே எழுதிய ஒரு வரிதான். ஒரு சேவையின் பாட்கள் உயிருடன் இருக்கின்றனவா என்று அவ்வப்போது கேட்கும் லைவ்னெஸ் பரிசோதனையில், நல்லெண்ணத்துடன், தரவுத்தளம் பதிலளிக்கிறதா என்பதையும் சேர்த்துச் சோதித்திருந்தோம். இயல்பமைப்பில் பரிசோதனைக்குக் காத்திருப்பு ஒரு வினாடி, இடைவெளி பத்து வினாடி, மூன்று முறை தொடர்ந்து தவறினால் கன்டெய்னரைக் கொன்று மறுபடி தொடங்கும். அன்று தரவுத்தளம் சற்று மந்தமானது, அவ்வளவுதான். அரை நிமிடத்துக்குள் பன்னிரண்டு பாட்களும் ஏறத்தாழ ஒன்றாகக் கொல்லப்பட்டன, எழுந்த பன்னிரண்டும் புதிய இணைப்புகளைக் கோரித் தரவுத்தளத்தின் மேல் விழுந்தன, அது மேலும் மந்தமானது, மறுபடியும் கொலை. ஒவ்வொரு மறுதொடக்கத்துக்கும் முன்னர் காத்திருக்கும் நேரம் 10, 20, 40 வினாடி என்று இரட்டித்து ஐந்து நிமிடம் வரை போகும் என்பதால், தரவுத்தளம் தேறிய பின்னும் சேவை உடனே மீளவில்லை. இப்போது லைவ்னெஸ் பரிசோதனை, செயல்முறை உறைந்துபோகாமல் இருக்கிறதா என்பதை மட்டுமே கேட்கிறது. தரவுத்தளம் போன்ற வெளிச் சார்புகளுக்கு, கோரிக்கைகளை ஏற்கத் தயாரா என்று கேட்கும் ரெடினெஸ் பரிசோதனையிலும் அளவோடுதான் இடம் கொடுக்கிறோம்.

புதிய பதிப்பை வெளியிடும் ஒவ்வொரு முறையும் சில 502 பிழைகள் (பின்னாலிருக்கும் சேவையிலிருந்து சரியான பதில் வராதபோது தோன்றுபவை) தலைகாட்டி மறைவதும் நெடுநாள் புதிராக இருந்தது. பாட்டை நிறுத்தச் சொல்லும் சமிக்ஞையும், போக்குவரத்துப் பட்டியலிலிருந்து அதன் முகவரியை நீக்கும் வேலையும் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதில்லை, இணையாக நடக்கின்றன; முகவரி எல்லா நோட்களிலும் நீங்குவதற்குள் பாட் கடையை மூடிவிடுகிறது. நிறுத்தத்துக்கு முந்தைய படியில் பத்து வினாடி தூக்கத்தைச் சேர்த்ததும் பிழைகள் நின்றன. மொத்த அவகாசமான 30 வினாடிக்குள் அந்தப் பத்தும் அடங்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மேம்படுத்தல்கள் ஒரு தீராத வேலை. ஆண்டுக்கு மூன்று பதிப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் பதினான்கு மாதமே. 2021-இல் 1.22 பதிப்பு வெளியிலிருந்து வரும் போக்குவரத்தைச் சேவைகளுக்குத் திருப்பும் இன்கிரெஸ்ஸின் பழைய பீட்டா வடிவத்தை நீக்கியபோது, நாற்பதுக்கும் மேற்பட்ட யாம்ல் கோப்புகளைத் திருத்தினோம். 2022-இல் 1.24 பதிப்பு கன்டெய்னர்களை டாக்கர் கொண்டு ஓட்ட உதவிய டாக்கர்ஷிம்மைக் கைவிட்டபோது கிளம்பிய பீதிக்கு ஏற்ற சேதம் எங்களுக்கு ஏற்படவில்லை; டாக்கரால் கட்டிய இமேஜ்கள் (சேவைகளின் பொதிகள்) அனைத்தும் முன்போலவே ஓடின, நோட்டின் டாக்கர் சாக்கெட்டை நேரடியாகப் பயன்படுத்திய ஒரே ஒரு பில்ட் வேலை மட்டும் நின்றது. மேம்படுத்துவதற்காக நோட்களை ஒவ்வொன்றாகக் காலிசெய்யும்போது ஒரு நோட் மட்டும் மணிக்கணக்கில் காலியாகாமல் அடம்பிடித்த அனுபவமும் உண்டு. ஒரே ஒரு பிரதி ஓடும் சேவைக்குக் குறைந்தது ஒன்றாவது உயிருடன் இருக்க வேண்டும் என்று, ஒரே நேரத்தில் எத்தனை பிரதிகளை நிறுத்தலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் இடையூறு வரம்பில் யாரோ எழுதியிருந்தார்கள். அந்த வாக்கியத்தைக் குபெர்னெட்டீஸ் கௌரவமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இந்த மேம்படுத்தல்களின் போதுதான் ஷெட்யூலரின் இன்னொரு குணம் கண்ணில் பட்டது. ஒரு பாட்டை ஓரிடத்தில் வைத்த பிறகு, அந்த முடிவை அது திரும்பிப் பார்ப்பதே இல்லை. காலிசெய்யப்பட்ட பாட்கள் ஏற்கெனவே இருக்கும் நோட்களில் போய் ஒடுங்கிக்கொள்கின்றன. கடைசியாக வந்த புதிய நோட் ஏறக்குறைய வெறுமையாகவே கிடக்கிறது. சரியாக அமையாத பாட்களை வெளியேற்றி மறுபடி இடம் தேடவைக்கும் டீஷெட்யூலர் என்னும் தனிக் கருவியை இரவில் ஒரு முறை ஓடவிட்டு இதைச் சமாளிக்கிறோம். பயன்பாட்டுக்கேற்பப் பிரதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோஸ்கேலரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதன் சதவீதக் கணக்கும் ரிக்வெஸ்ட்டை வைத்தே போடப்படுவதால், 500 என்று எழுதி வைத்திருந்த காலத்தில் அது ஒரு முறைகூட அசைந்ததில்லை. எண்களைத் திருத்திய பிறகு ஒழுங்காக வேலை செய்கிறது.

தரவுத்தளங்களைக் கிளஸ்டருக்குள் கொண்டுவரும் முயற்சியை எட்டு மாதத்தில் கைவிட்டோம். நாங்கள் பயன்படுத்தும் வட்டுகள் கிளவுட் நிறுவனத்தின் ஒரே மண்டலத்துக்கு (தனித் தரவு மையப் பகுதிக்கு) உரியவை. அந்த மண்டலத்தின் நோட்களில் இடம் தீர்ந்த ஒரு காலையில், அடுத்த மண்டலத்தில் நோட்கள் காலியாகக் கிடந்தும் தரவுத்தளப் பாட் பென்டிங்கிலேயே நின்றது. வட்டு இருக்கும் மண்டலத்தை விட்டு அதை வைக்க ஷெட்யூலருக்கு வழியில்லை. அன்று முக்கியமற்ற இரண்டு சேவைகளின் பிரதிகளைக் கையால் பூஜ்யமாக்கி அதற்கு இடம் செய்து கொடுத்தோம். அதே வாரத்தில் தரவைக் கிளவுட் நிறுவனமே நிர்வகிக்கும் தரவுத்தளச் சேவைக்கு மாற்றிவிட்டோம். அந்தப் பாட்டின் யாம்ல் கோப்பு மட்டும், நீக்க மனமில்லாமல், களஞ்சியத்தில் இன்னும் கிடக்கிறது.